முதிரைப் பலகையும் தனிக் கழுந்தும்: ஃபெஸ்டூல் டொமினோ டிஎஃப் 500

ஜேர்மன் நிறுவனமான ஃபெஸ்டூலின் இந்த மூட்டு இயந்திரம், புதிதாக வாங்கினால் ஜேர்மனியில் ஏறத்தாழ ஆயிரம் யூரோ. நம் காசில் மூன்று இலட்சம் ரூபாய்க்கு மேல். எடை 3.2 கிலோகிராம், மின்வலு 420 வாற். செய்யும் வேலை ஒன்றே ஒன்று: மரத்துக்குள் தட்டையான ஒரு பொளியை, இரு முனையும் வட்டமாக, குடைந்து தருகிறது. எதிரெதிரே இரண்டு மரத்திலும் அப்படிப் பொளி எடுத்து, தனியாகச் செய்த கழுந்தைப் பசை பூசி நடுவில் செருகினால் மூட்டு முடிந்தது. "ஒரு துளை போடுவதற்கு மூன்று இலட்சமா?" என்று மரக்காலைக்காரர் முதல் தேர்வேலை செய்யும் ஆசாரிமார் வரை என்னிடம் கேட்டுவிட்டார்கள். கேள்வி நியாயமானது. வன்னியில், முதிரை, பாலை போன்ற எங்கள் மரங்களை வைத்து வேலை செய்கிறவனுக்கு இந்த இயந்திரம் அந்தக் காசுக்குத் தகுமா என்பதை எழுதுகிறேன். எனக்குத் தகும். எல்லோருக்கும் தகாது.

என் பட்டறை ஒட்டுசுட்டானில், மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ34 வீதியை ஒட்டி இருக்கிறது. மேசை, கதிரை, அலுமாரி, கட்டில். இவைதான் என் வேலை. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வீட்டுத்திட்டங்கள் வந்த காலத்தில் உளி பிடிக்கத் தெரிந்த எல்லோரும் நிலையும் யன்னலும்தான் செய்தோம். இந்திய வீட்டுத்திட்டத்தில் மட்டும் வடக்கு, கிழக்குக்கு 46,000 வீடுகள். அந்த அலை ஓய்ந்த பிறகு தளபாடத்துக்குத் திரும்பினேன். நிலையில் ஒரு மில்லிமீற்றர் பிசகினால் அது மேசனுடைய சாந்துக்குள் மறைந்துவிடும். மேசையில் மறையாது. சாப்பிட உட்காருகிறவருடைய முழங்கை அதைக் கண்டுபிடித்துவிடும்.

இதில் எங்கள் மரத்தின் குணத்தைச் சொல்லியே ஆகவேண்டும். முதிரை பார்க்கப் பார்க்க அழகு. பொன் நிறம், பட்டுத்துணியை வெயிலில் அசைத்ததுபோல ஒளி மாறி மாறி ஓடும். அந்த ஒளியைத் தருவதே அதன் இழை ஒரு பட்டைக்கு இந்தப் பக்கமும் அடுத்த பட்டைக்கு அந்தப் பக்கமும் சாய்ந்து வளர்வதுதான். ஆகவே சீவுளியை எந்தத் திசையில் தள்ளினாலும் ஏதோ ஒரு பட்டை பிய்ந்து எழும்பும். பாலையோ இன்னும் பாரம்; குற்றியைக் குளத்தில் போட்டால் அடியில்தான் தேடவேண்டும். பைன் மரத்தில் வேலை செய்கிறவர், ஒட்டிய பலகைகளுக்கு நடுவே அரை மில்லிமீற்றர் மேடு நின்றால் நாலு தரம் சீவிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். நாங்கள் அரத்தாளோடு நின்று, மேட்டைத் தேய்க்கத் தேய்க்கப் பக்கத்துப் பலகையும் குழிந்துபோகாமல் காவல் காக்க வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், இந்த இயந்திரத்தின் பயன் எங்களுக்கு வேகத்தில் இல்லை. ஒட்டும்போதே பலகைகள் ஒரே மட்டத்தில் நின்றால் பிறகு செய்யவேண்டிய மிகக் கடினமான வேலை இல்லாமல் போகிறது. அங்கேதான் மூன்று இலட்சமும் திரும்பி வருகிறது.

இதற்கு முன் என்ன செய்தோம்? வெறும் பசையில் விளிம்போடு விளிம்பு ஒட்டினால், கிளாம்ப் இறுகும் நேரத்தில் பலகை வழுக்கி ஒன்றின் மேல் ஒன்று ஏறப் பார்க்கும். உருண்டை ஆப்பு வைத்தால், துளை அலகு முதிரையின் சாய்ந்த இழையைப் பிடித்துக்கொண்டு அரை மில்லிமீற்றர் விலகி இறங்கும். இரண்டு பக்கமும் விலகினால் கணக்கு உதைக்கும். மெல்லிய மரத்தகடு செருகப் பிளவு வெட்டும் பிஸ்கட் இயந்திரம் கொழும்பில் மலிவாகவே கிடைக்கிறது, மட்டமும் ஓரளவு தருகிறது. ஆனால் அந்த மெல்லிய தகட்டில் மேசைச் சட்டத்தைத் தொங்கவிட எனக்கு மனம் வராது. டொமினோவின் வெட்டலகு சுழன்றுகொண்டே இடமும் வலமுமாக ஆடுகிறது. அதனால் பொளியின் சுவர் வழவழப்பாகவும் நேராகவும் வருகிறது. 8 மில்லிமீற்றர் அலகு எடுத்த பொளிக்குள் 8 மில்லிமீற்றர் கழுந்து கையால் அழுத்த இறங்கும், ஆட்டினால் ஆடாது. வேணியர் கொண்டு அளந்து பார்க்க வேண்டிய தேவையே இல்லை. செருகும்போது விரலுக்குத் தெரியும்.

இனி மட்டம் எப்படி வருகிறது என்ற விடயம். இயந்திரத்தை வாங்கியவர்களில் பாதிப்பேர், "எனக்குச் சரியாக வரவில்லை" என்று சொல்வது இங்கேதான்.

மேலே ஒரு தகடு மடங்கி நிற்கிறது. அதைப் பலகையின் மேல் முகத்தில் படியவைத்துத்தான் தள்ளுகிறோம். அந்த மேல்தகட்டின் உயரத்துக்கு 16, 20, 22, 25, 28, 36, 40 மில்லிமீற்றர் என்று படிகள் வைத்திருக்கிறார்கள். அந்தத் தடிப்புள்ள பலகைக்கு அந்தப் படியை வைத்தால் பொளி நட்ட நடுவில் விழும். எங்கள் மரக்காலையிலிருந்து வருவது அங்குலக் கணக்கு. ஒன்றேகால் அங்குலம் என்று அறுத்தது சீவி முடியும்போது 27ஆக நிற்கும், 29ஆகவும் நிற்கும். ஒரு படியோடும் பொருந்தாது. பொருந்தாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. பொளி நடுவில் விழவேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. இரண்டு பலகையிலும் ஒரே முகத்திலிருந்து ஒரே தூரத்தில் விழவேண்டும், அவ்வளவுதான். கிட்டத்தட்ட நடுவாக ஒரு படியைத் தெரிந்து, பிடியை இறுக்கிப் பூட்டி, முழு மேசையும் முடியும்வரை அதைத் தொடாமல் விடுகிறேன். ஒவ்வொரு பலகையிலும் மேசையின் மேல்முகமாக வரப்போகும் பக்கத்தில் பென்சிலால் ஒரு முக்கோணம். மேல்தகடு அந்த முக்கோணத்தின் மேல்தான் படியவேண்டும். ஒரு பலகையை மறந்துபோய்க் கவிழ்த்து வெட்டினால், நடுவிலிருந்து அரை மில்லிமீற்றர் விலகியிருந்த பொளி மறுபக்கம் அரை மில்லிமீற்றர் விலகிப்போய், மூட்டில் ஒரு முழு மில்லிமீற்றர் படி நிற்கும். இயந்திரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

அடுத்தது நாம் வேலை செய்யும் மேசைவாங்கு. இயந்திரத்துக்கு அடியிலும் ஒரு தகடு இருக்கிறது. பலகையை வாங்கின் நடுவில் படுக்கவைத்து, மேல்தகட்டையும் பலகையில் படியவைத்துத் தள்ளினால், சில உயரங்களில் அடித்தகடும் வாங்கில் முட்டும். அப்போது இயந்திரம் எதை நம்பும்? மேலே பலகையையா, கீழே வாங்கையா? இரண்டையும் நம்பப் பார்த்து ஒரு நூல் சாய்ந்துவிடும். பொளியும் சாய்ந்து குடையும். பலகையை வாங்கின் ஓரத்துக்கு வெளியே நாலு விரல் நீட்டிக் கிளாம்ப் போட்டுவிட்டால் அடித்தகடு காற்றில் நிற்கும், சண்டை தீர்ந்தது. மேல்தகடு வேண்டாம், வாங்கையே ஆதாரமாக வைத்துக்கொள்ளலாம் என்றால் அதுவும் நல்ல வழி: அடித்தகட்டிலிருந்து அலகின் நடு சரியாக 10 மில்லிமீற்றர். பலகையும் இயந்திரமும் ஒரே தட்டையான பரப்பில் இருந்தால் எல்லாப் பொளியும் அடியிலிருந்து 10 மில்லிமீற்றரில் விழும். ஆனால் வாங்கு சுத்தமாக இருக்கவேண்டும். ஒரு சீவல் துண்டு அடியில் கிடந்தால் அதன் தடிப்பு அப்படியே மூட்டில் வந்து நிற்கும். என்னிடம் வேலை பழகும் தம்பிக்கு நான் முதலில் கையில் கொடுத்தது தும்புத்தடி.

பிடிக்கும் விதமும் முக்கியம். இடக்கை மேல்தகட்டின் முன்கைபிடியில், பலகையோடு அழுத்திக்கொண்டு. வலக்கை பின்னால் மோட்டாரை நேரே தள்ளமட்டும். மோட்டாரின் பாரம் பின்பக்கம் இருப்பதால் வலக்கையால் கொஞ்சம் கீழே அழுத்தினாலும் முன்பக்கம் எழும்பும். இரண்டு அங்குல அகலமுள்ள சட்டத்தின் தலைப்பில், அதாவது முனையில், வெட்டும்போது மேல்தகட்டுக்குக் கிடைக்கும் இடமே சிறிது. அங்கே இடமும் வலமுமாக அதே தடிப்பில் துண்டுப் பலகைகளைச் சேர்த்து இறுக்கி, மேல்தகட்டுக்கு அகலமான திண்ணை ஒன்று கட்டிக்கொடுத்துவிட்டே வெட்டுகிறேன். கதிரைச் சட்டம் முறுகாமல் வருவதற்கு இதைவிடப் பெரிய இரகசியம் எதுவும் இல்லை.

நீளப்பக்கத்து ஒழுங்குக்கு, கண்ணாடி போன்ற சிறு தட்டில் நடுக்கோடு ஒன்று இருக்கிறது. இரண்டு பலகையையும் சேர்த்து வைத்து மூட்டுக்குக் குறுக்காகப் பென்சில் கோடு இழுத்து, அந்தக் கோட்டில் நடுக்கோட்டைப் பொருத்தி வெட்டுகிறோம். இங்கே இயந்திரம் தரும் அருமையான வசதி பொளியின் அகலத்துக்கு இருக்கும் மூன்று நிலை. முதல் நிலை கழுந்துக்கு இறுக்கம். இரண்டாவது அதைவிட 6 மில்லிமீற்றர் அகலம். மூன்றாவது 10 மில்லிமீற்றர் அகலம். ஒரு மூட்டில் ஒரு பொளியை மட்டும் இரு பக்கமும் இறுக்கமாக வெட்டினால் போதும். அதுதான் இடத்தைத் தீர்மானிக்கிறது. மற்றவற்றை ஒரு பலகையில் இறுக்கமாகவும் எதிர்ப்பலகையில் இரண்டாம் நிலையிலும் வெட்டிவிட்டால், பென்சில் கோடு சற்று முன்பின் ஆனாலும் கழுந்து நகர்ந்து இடம் கொடுக்கும். தடிப்புத் திசையில் மட்டும் அசையாது. எங்களுக்கு வேண்டியதும் அந்தத் திசை மட்டுமே. எல்லாப் பொளியையும் இறுக்கமாக வெட்டி, ஆறு கழுந்தில் ஐந்தாவது ஏறாமல், பசை காய்ந்துகொண்டிருக்க மரச்சுத்தியலால் அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அடிக்குத் தேவையே இல்லை. இன்னொன்று: அகலத்தை மாற்றும் திருகியை இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் திருப்பவேண்டும். நிறுத்திவிட்டுத் திருப்பினால் பல்லில் சரியாக விழாது. பழக்கத்துக்கு எதிரானது, ஆனால் கையேடே அப்படித்தான் சொல்கிறது.

வாங்கிய உடனே செய்யவேண்டிய சோதனை ஒன்று. இரண்டு துண்டுப் பலகையை விளிம்போடு விளிம்பு வைத்து ஒரு கோடு இழுங்கள். இரண்டிலும் அதே கோட்டில் இறுக்கமாக வெட்டிக் கழுந்தைச் செருகிச் சேருங்கள். இரண்டு துண்டிலும் உள்ள அரைக்கோடுகள் ஒன்றோடொன்று சந்திக்கின்றனவா? ஒரு மில்லிமீற்றர் விலகி நின்றால், தட்டிலுள்ள நடுக்கோடு அலகின் நடுவிலிருந்து அரை மில்லிமீற்றர் தள்ளியிருக்கிறது என்று பொருள். எதிரெதிர்த் திசையில் வெட்டுவதால் பிசகு இரட்டிப்பாகிக் கண்ணுக்குத் தெரிகிறது. மேல்முகத்தை விரல் நகத்தால் வருடிப் பார்த்தால் மட்டமும் தெரிந்துவிடும். முதிரையில் கைவைக்கும் முன் இதை வேப்பந்துண்டில் செய்து பாருங்கள்.

முதிரையில் எப்படி ஓடுகிறது? 8, 10 மில்லிமீற்றர் அலகுகள் சத்தம் மாறாமல் ஓடுகின்றன. தள்ளும் வேகத்தை மட்டும் குறைக்கவேண்டும். இயந்திரத்தின் சத்தம் தாழ்ந்து முனகினால் அவசரப்படுகிறீர்கள். 5 மில்லிமீற்றர் அலகின் தண்டு மெல்லியது. கடின மரத்தில் வேகமாகத் தள்ளினால் முறியக்கூடியது. அந்த அலகை 20 மில்லிமீற்றருக்கு மேல் ஆழமாக இறக்கவே கூடாது. பாலையில் 5ஐ நான் லாச்சிக்கு மட்டும் எடுக்கிறேன், அதையும் 12 அல்லது 15 மில்லிமீற்றர் ஆழத்தில். தூசு உறிஞ்சி இல்லாமல் இந்த இயந்திரத்தை ஓட்டுவது வீண். பொளிக்குள் தூள் அடைந்து கெட்டியாகி ஆழம் குறையும், அலகும் சூடேறும். 27 மில்லிமீற்றர் குழாய்க்கு வாய் வைத்திருக்கிறார்கள். என்னுடைய சாதாரண உறிஞ்சியின் குழாயை சைக்கிள் டியூப் துண்டு ஒன்றால் சுற்றி மாட்டியிருக்கிறேன். காற்று ஒழுகாமல் இழுக்கிறது. முதிரைத் தூள் தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பும் தடிப்பும் வரும். அதற்காகவும் உறிஞ்சி வேண்டும்.

எங்கள் இடத்துக்கே உரிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. முதிரைக்கும் பாலைக்கும் வனத் திணைக்களத்தின் அனுமதிப் பத்திரம் எடுத்துக் கொண்டுவரும் மரத்தைவிட, இடிந்த வீடுகளின் பழைய நிலைகளும் வளைகளும்தான் எங்களில் பலருடைய கைக்கு வருகின்றன. அந்த மரம் நன்றாகக் காய்ந்து முறுகி முடிந்தது, அதைவிடச் சிறந்த மரம் கிடையாது. ஆனால் ஆணி இருக்கும். அதைவிட மோசமாக, எறிகணைச் சிதறல் இருக்கும். உள்ளே புதைந்த இரும்பு வெளியே தெரியாது. சுற்றியுள்ள மரம் கருநீலமாகக் கறுத்திருந்தால் சந்தேகப்படுங்கள். நல்ல காந்தம் ஒன்றை நூலில் கட்டிப் பொளி விழும் இடமெல்லாம் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டே வெட்டுகிறேன். வாள் அலகில் ஒரு பல் போனால் தீட்டலாம். டொமினோ அலகு போனால் ஒட்டுசுட்டானில் மட்டுமல்ல, வவுனியாவிலும் நான் தேடிய கடைகளில் கிடைக்காது.

அலுமாரித் தட்டு வைக்கும் முறையை இங்கே எழுதியே ஆகவேண்டும், ஏனென்றால் இந்த இயந்திரம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது அந்த வேலையில்தான். பக்கப்பலகையின் நடுவே தட்டு வந்து சேரும் இடத்தில் ஒரு கோடு இழுக்கிறோம். தட்டை அந்தக் கோட்டின் ஓரமாகப் பக்கப்பலகையின் மேலேயே படுக்கவைத்துக் கிளாம்ப் போடுகிறோம். இப்போது தட்டின் தலைப்பே நமக்கு வழிகாட்டி. மேல்தகட்டை முழுதாக உயர்த்தி ஒதுக்கிவிட்டு, இயந்திரத்தைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் அடித்தகட்டைத் தட்டின் தலைப்பில் சாய்த்து, பக்கப்பலகைக்குள் கீழ்நோக்கிக் குடைகிறோம். பிறகு இயந்திரத்தைப் பக்கப்பலகையின் மேல் படுக்கவைத்து, தட்டின் தலைப்புக்குள் குடைகிறோம். இரண்டுக்கும் ஒரே அடித்தகடு, ஒரே 10 மில்லிமீற்றர், ஒரே பென்சில் அடையாளம். அளவுகோலை எடுக்கவே இல்லை. தட்டை எழுப்பி நிறுத்திக் கழுந்தைச் செருகினால் இழுத்த கோட்டில் கச்சிதமாக வந்து உட்காருகிறது. முன்பு இதே வேலைக்குப் பக்கப்பலகையில் குறுக்கே பள்ளம் எடுத்து, உளியால் அடியை மட்டமாக்கி, ஒரு தட்டுக்கு ஒரு மாலைநேரம் போகும்.

ஃபெஸ்டூல் விற்கும் கழுந்து பீச் மரத்தில் செய்தது. முகத்தில் பசைக்கு வரிகள் உண்டு. தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையைக் குடித்துச் சற்று வீங்கிப் பொளியை நிரப்புகிறது, அதுதான் பலம். எங்கள் நாட்டில் அதே குணம் தொல்லையாகவும் ஆகிறது. கார்த்திகை, மார்கழி மழையில் திறந்து கிடக்கும் கழுந்து காற்றிலுள்ள ஈரத்தையே குடித்து வீங்கிவிடும். ஆனியில் கையால் இறங்கிய கழுந்து மார்கழியில் சுத்தியல் கேட்கும். மூடி இறுகும் பால்மா தகரத்தில், அடியில் வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து போட்டுக் கழுந்தை வைக்கிறேன். மழை முழுவதும் சுகமாக இருக்கிறது. மேசையின் தலைப்புகளில் குறுக்குச் சட்டம் வைப்பவர்களும் கச்சான் காற்றையும் மாரியையும் நினைத்துக்கொண்டே வெட்டவேண்டும்: நடுக்கழுந்து மட்டும் இறுக்கம், அதற்கு மட்டும் சட்டத்துக்குள்ளும் பசை; ஓரங்களில் சட்டத்தின் பொளியை மூன்றாம் நிலையில் அகலமாக வெட்டிப் பசை இல்லாமல் விட்டால் பலகை விரிந்து சுருங்க வழி இருக்கும். இல்லாவிட்டால் பங்குனி, சித்திரையில் நடுவில் வெடிக்கும்.

கழுந்தை நாமே செய்யலாமா? செய்யலாம், நான் செய்கிறேன். வேம்பிலும் மலைவேம்பிலும் நீளச் சட்டமாகச் சீவி, ரவுட்டரில் இரு விளிம்பையும் வட்டமாக்கி, தேவையான நீளத்துக்கு அறுக்கிறேன். பொளிக்குள் விரலால் தள்ள பாதிவரை போய் நின்றால் தடிப்புச் சரி. பாலையில் செய்துபார்க்கத் தோன்றும். பாலை நசியாது, பசையையும் குடிக்காது. தேக்கில் எண்ணெய்த்தன்மை இருப்பதால் பசை பிடிக்கத் தயங்கும். இயந்திரத்தைத் தபாலில் பெறும் செலவுக்கு மேல் கழுந்துக்கும் மாதம் மாதம் காசு கொட்டத் தேவையில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

குறைகளைச் சொல்கிறேன். ஆழம் அதிகபட்சம் 28 மில்லிமீற்றர். 12, 15, 20, 25, 28 என்று ஐந்தே படி. கழுந்தில் பெரியது 10 மில்லிமீற்றர் தடிப்பு, 50 நீளம். நிலைக்கும் முன்கதவுக்கும் இது போதவே போதாது. மூன்று அங்குலச் சட்டத்தில் 25 மில்லிமீற்றர் கழுந்தை வைத்து முதிரைக் கதவு ஒன்றைத் தொங்கவிடுகிறவர் வாடிக்கையாளரை ஏமாற்றுகிறார். அந்த வேலைக்கு அதே நிறுவனத்தின் டிஎஃப் 700 இருக்கிறது, 70 மில்லிமீற்றர் ஆழம் போகும், 14 மில்லிமீற்றர் தடிப்பில் 140 நீளக் கழுந்து ஏறும். விலையும் எடையும் அதற்கேற்ப ஏறுகிறது. கதவு யன்னல்தான் வேலை என்றால் இரண்டையும் விட்டுவிட்டு, நல்ல ரவுட்டர் ஒன்றும் சுருள் அலகு ஒன்றும் வாங்கி, எம்டிஎஃப் பலகையில் சன்னல் வெட்டி ஒரு வழிகாட்டிச் சட்டம் செய்துகொள்ளுங்கள். மெதுவான வேலை, ஒவ்வொரு அளவுக்கும் சட்டத்தைக் கட்டி அவிழ்க்க வேண்டும். ஆனால் பொளி ஆழமாகவும் நேராகவும் வரும், செலவும் மிகக் குறைவு.

கதிரையின் பின்காலும் இருக்கைச் சட்டமும் சேரும் மூட்டுக்கும் நான் டொமினோ வைப்பதில்லை. இதில் என் சித்தப்பாவோடு எனக்கு ஒரே கருத்து. அவர் உளியும் கொட்டாப்புளியும் தவிர வேறொன்றும் தொடாதவர். இயந்திரம் வந்த புதிதில் பட்டறைக்கு வந்து ஒரு பொளிக்குள் சுட்டுவிரலை விட்டுப் பார்த்தார்.

"துளை சுத்தமாகத்தான் இருக்கிறது. கதிரைக்கும் இதுதானா, தம்பி?"

"மேசைக்கும் அலுமாரிக்கும் மட்டும், சித்தப்பா. கதிரைக்குப் பின்காலில் நீங்கள் காட்டித்தந்தபடிதான்."

"அதுவே சரி. ஆள் சாய்ந்து ஆட்டுகிற இடத்தில் கழுந்து சட்டத்தோடு பிறந்ததாக இருக்கவேண்டும்."

பிறகு ஒட்டிக் காய்ந்திருந்த ஆறடி முதிரைப் பலகைக்குப் போனார். நாலு துண்டு சேர்த்தது, இன்னும் அரத்தாள் படாதது. மூட்டுகளுக்குக் குறுக்காக நகத்தை இழுத்தார். ஒன்றிலும் நகம் தடுக்கவில்லை. மறுபடி இழுத்தார். "இதற்கு இனி என்ன தேய்க்கப் போகிறாய்?" என்று மட்டும் கேட்டார். அந்தப் பலகையை 120 அரத்தாளில் தொடங்கினேன். அதைவிடக் கரடான தாள் தேவைப்படவில்லை. இந்த இயந்திரத்தைப் பற்றி என்னிடமுள்ள மிக உறுதியான சான்று அதுதான்.

ஆகவே யாருக்கு? அகலப் பலகை ஒட்டி மேசை செய்கிறவர், அலுமாரி, புத்தகத் தட்டு, கட்டில் தலைமாடு செய்கிறவர், கடின மரத்திலேயே தொழில் நடத்துகிறவர் வாங்கலாம். வருடத்தில் ஓரிரு மேசை செய்கிறவருக்கு ரவுட்டர் போதும். வங்கிக் கடன் எடுத்து வாங்கவேண்டாம். வேலை ஒழுங்காக வரும் பட்டறைக்குத்தான் இது விலையைத் திருப்பித் தரும். மலிவாக வரும் போலிகளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அவற்றில் முதலில் பார்க்கவேண்டியது மோட்டாரை அல்ல, மேல்தகட்டை. பூட்டிய பிறகு நுனியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். மயிரளவு அசைந்தாலும் மேலே எழுதிய எதுவும் நடக்காது.

எனக்கு இது வந்தது ஜேர்மனியிலுள்ள மச்சான் மூலம், பாவித்த இயந்திரமாக. அப்படி வாங்குகிறவர்கள் சிலவற்றைக் கேட்டு வாங்குங்கள். 230 வோல்ற் என்று தகட்டில் பொறித்திருக்கவேண்டும். கனடாவிலிருந்து வருவது 120 வோல்ற், இங்கே நேரடியாக ஓடாது. ஐரோப்பியப் பிளக்கை வெட்டிவிட்டு 13 அம்பியர் பிளக் மாட்டுவது சின்ன வேலை. அலகு மாற்ற 8 இலக்க ஸ்பானர் ஒன்று கூடவே வரும், பெட்டிக்குள் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 4 மில்லிமீற்றர் அலகு உங்களுக்குத் தேவைப்படாது. 5இல் இரண்டு, 8இல் இரண்டு, 10இல் ஒன்று என்று வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். கழுந்தில் 8க்கு 40 ஒரு பெட்டி வந்தால் போதும், மாதிரிக்கு. மிச்சத்தை வேம்பில் நீங்களே செய்யலாம்.